குறியெதிர்ப்பையும் கொடையும்: எழுத்துப் பரிமாற்றத்தில் கணக்கின் இடம்

முன்னுரை

கொடுப்பவர் கணக்குப் பார்க்கலாகாது என்பது தமிழ் அறமரபில் ஆழ வேரூன்றிய எண்ணம். கைம்மாறு கருதாத மழையை ஒப்புரவுக்கு உவமையாக்குகிறார் வள்ளுவர் (குறள் 211). மறுமைப் பயனை எதிர்நோக்கி அறம் செய்பவனை வணிகனாகக் கண்டு, ஆய் அண்டிரன் அத்தகையன் அல்லன் என்கிறார் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் (புறம். 134). ஆயினும், கொடையை மிக நுட்பமாக எண்ணிப் பதிந்துவைத்த மரபும் தமிழ் மரபே ஆகும். நந்தாவிளக்கு ஒன்று எரிக்க 90 அல்லது 96 ஆடுகள் என்றும், அவற்றைப் பெற்றவர் நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் ஓர் உழக்கு என்றும் சோழர் கல்வெட்டுகள் குறிக்கின்றன. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் புலவர் பெற்ற பரிசிலைக் காணக் கணக்கில் உரைக்கின்றன.

இவ்விரு போக்குகளும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா? எண்ணப்பட்ட கொடை கொடைதானா, வணிகமா? இவ்வினா பழைமையானது. எனினும் எழுத்தையே கொடைப்பொருளாக்கி, அதனை அளவு குறித்துப் பரிமாறிக்கொள்ளும் இக்கால வழக்கம் ஒன்று இதனைப் புதிய வடிவில் எழுப்புகிறது. உலகின் பல பகுதிகளிலும் உள்ள வாசகர்கள் ஆண்டுதோறும் நடத்தும் ரசிகப் புனைவுப் பரிமாற்றமே அது. அதனை ஐதராபாத்தின் முஷாயிரா மரபோடும் தமிழ்க் கொடை மரபோடும் ஒப்புநோக்கி, எழுத்துக் கொடையில் கணக்குக்கு உரிய இடம் யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ரசிகப் புனைவுப் பரிமாற்றம்

ஒரு நாவல், திரைப்படம் அல்லது தொலைக்காட்சித் தொடரின் மாந்தரையும் உலகையும் எடுத்துக்கொண்டு, அதில் ஈடுபாடு கொண்டோர் பொருளீட்டும் நோக்கமின்றி எழுதும் புதுப்புனைவு ரசிகப் புனைவு எனப்படுகிறது. முன்னோர் கதையின் மேல் மறுகதை எழுதும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. அகலிகை கதையைப் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' எனத் தம் நோக்கில் மீட்டெழுதியதை இவண் நினைக்கலாம். ஆனால் அவர் பொதுவாசகருக்கு எழுதினார். பரிமாற்றத்தில் எழுதுவோர், குறிப்பிட்ட ஒருவர் விரும்பிக் கேட்டதை அவருக்கென்றே எழுதுகின்றனர்.

இத்தகைய பரிமாற்றங்களுள் பெயர்பெற்றது 2003ஆம் ஆண்டு தொடங்கிய யூல்டைட். 2009 முதல் இது 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்னும் இலாப நோக்கற்ற இணையக் காப்பகத்தில் நடைபெற்று வருகிறது. அக்காப்பகத்துக்கு 2019ஆம் ஆண்டு ஹ்யூகோ விருது வழங்கப்பட்டது.

பரிமாற்றத்தின் நடைமுறை எளியது. பங்கேற்பவர் ஒவ்வொருவரும் இரண்டு பட்டியல்கள் தருவர். எந்த மூலங்களின் மேல் கதை பெற விரும்புகிறார் என்பது ஒன்று. எவற்றின் மேல் எழுதித்தர இயலும் என்பது மற்றொன்று. இரண்டையும் பொருத்தி, யார் யாருக்கு எழுதுவது என முடிவு செய்யப்படுகிறது. கதை 1000 சொற்களுக்குக் குறையலாகாது. எழுதுவதாக ஒப்புக்கொண்டவர் எழுத இயலாது விலகினால், அவருக்குப் பதிலாக வேறொருவர் முன்வந்து எழுதித் தருவார். கடமைக்கு அப்பால் விரும்பியவருக்கு விரும்பியதை எழுதி அளிப்பதும் உண்டு. டிசம்பர் 25 அன்று கதைகள் வெளியாகும். எழுதியவர் பெயர் மட்டும் மறைந்திருக்கும். புத்தாண்டு நாளிலேதான் பெயர்கள் வெளிப்படும். இடைப்பட்ட நாள்களில், தமக்கு எழுதியவர் யாரென அறியாமலேயே பெற்றவர் நன்றி கூறுவார்.

இங்கே கணக்கு எல்லா இடத்திலும் உண்டு. கேட்டோர் எத்தனை பேர், எழுத இசைந்தோர் எத்தனை பேர், எம்மூலத்தைப் பலர் கேட்டும் எழுத ஒருவரும் இலர், எத்தனை பேர் விலகினர் என்பன எண்ணப்படுகின்றன. இவற்றை ஆண்டுக்காண்டு ஒப்பிட்டு ரசனையின் போக்கை அறிய முயல்வோரும் உளர். ஒன்று சிறப்பாக நோக்கத்தக்கது. யூல்டைட் அரிய மூலங்களுக்கு உரியது. காப்பகத்தில் ஏற்கெனவே மிகுதியாகப் புனைவுகள் எழுதப்பட்ட மூலங்களை அது ஏற்பதில்லை. புழங்குலகில் பேரெண் தகுதியாகக் கொள்ளப்படுகிறது. இங்கோ பேரெண்ணே விலக்குக்குக் காரணமாகிறது. எண்ணிக்கை சிறியதைக் காக்கும் வேலியாக இங்குப் பயன்படுகிறது.

குறியெதிர்ப்பை என்னும் கருத்து

அளவு குறித்து வழங்கி அளவு குறித்துப் பெறும் இவ்வழக்கத்தைக் கொடை எனலாமா? வள்ளுவர் இதற்கு விடை கூறிவிட்டார் போலத் தோன்றும். வறியார்க்கு ஈவதே ஈகை; பிறவெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையன என்பது அவர் துணிபு (குறள் 221). குறித்த அளவில் வாங்கி அவ்வளவே திருப்பித் தருவது குறியெதிர்ப்பை என உரையாசிரியர் பரிமேலழகர் விளக்குவார். அண்டை வீட்டில் ஒரு படி அரிசி அளந்து வாங்கி, பின்னர் ஒரு படி அளந்து கொடுக்கும் கைமாற்று இதன் இன்றைய வடிவம்.

இக்குறளைக் கொண்டு குறியெதிர்ப்பை இழிந்தது என முடிவு செய்வது பொருந்தாது. வள்ளுவர் அதனை ஈகையினின்று பிரித்தாரேயன்றிப் பழித்தாரல்லர். இச்சொல் புறநானூற்றிலும் ஆளப்படுகிறது. குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார், அச்செல்வத்தை யார் யார்க்கு வழங்க வேண்டும் என மனைவிக்குக் கூறுகையில் ஒரு பட்டியல் தருகிறார் (புறம். 163). மனைவியை விரும்புவோரும், மனைவியால் விரும்பப்படுவோரும், அவள் சுற்றத்தாரும் இடம்பெறும் அப்பட்டியலில், சுற்றத்தின் பசி தீர முன்னர்க் குறியெதிர்ப்பை தந்து உதவியவர்களும் இடம்பெறுகின்றனர். கடன் தந்தோர் அன்புக்குரியோருடன் ஒரே வரிசையில் நிற்கின்றனர். குமணனின் பெருங்கொடை வந்து சேரும்வரை அக்குடும்பத்தை உயிர்ப்பித்து வைத்தது அண்டை அயலாரின் அளந்த அரிசியே என்பது இப்பாடலால் புலனாகிறது.

ஆகவே குறியெதிர்ப்பை கொடைக்குப் பகையன்று. கொடை வாராத நாள்களில் வாழ்வைத் தாங்குவது அது எனலாம். ரசிகப் புனைவுப் பரிமாற்றத்தின் 1000 சொற்கள் என்னும் வரம்பையும் இந்நோக்கில் காணவேண்டும். தாம் எழுதிய அளவுக்கேனும் தமக்கும் ஒன்று வரும் என்ற உறுதி இல்லையேல், அறியாத ஒருவருக்குத் தம் உழைப்பை அளிக்க எளியோர் துணியார்.

ஆயினும் பரிமாற்றம் முழுதும் குறியெதிர்ப்பை ஆகிவிடுவதில்லை. கைமாற்றில் தந்தவரிடமே பொருள் திரும்புகிறது. பரிமாற்றத்தில் முதலாமவர் இரண்டாமவருக்கும், இரண்டாமவர் மூன்றாமவருக்கும் எழுதக்கூடும். அளவு உண்டு, ஆனால் பெற்றவர் தந்தவருக்குக் கடனாளி ஆவதில்லை. டிரோபிரியாண்ட் தீவினரின் குலா வட்டத்தை 1922இல் வெளியான நூலில் விளக்கிய மலினோவ்ஸ்கியும், கொடுத்தல், ஏற்றல், திருப்பித்தரல் என்னும் மூன்று கடப்பாடுகளைக் கொடையில் கண்ட மார்செல் மோஸும் இத்தகைய சுழற்சியின் சமூக ஆற்றலை எடுத்துக்காட்டினர். கொடை கொடையென்று அறியப்பட்ட அளவிலேயே கடனாகிவிடுகிறது என்று பின்னர்த் தெரிதா வாதிட்டார். அவர் வாதம் கூரியது. எனினும் அவ்வாதத்தின்படி தூய கொடை இயலாத ஒன்றாகிறது. இயலாத ஒன்றை அளவுகோலாகக் கொண்டால், மக்கள் உண்மையில் செய்யும் நன்மைகளுக்கிடையே வேறுபாடு காண வழியில்லை.

ஐதராபாத்தின் தரஹி முஷாயிரா

பிறர் எழுத்தின் மேல் எழுதி அவைக்கு அளிக்கும் வழக்கம், கணிப்பொறிக்கு நெடுங்காலம் முன்னரே நம் நாட்டில் செழித்திருந்தது. அதன் பெருநிலையங்களுள் ஒன்று ஐதராபாத். ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான் 'ஆசிஃப்' என்னும் புனைபெயரில் கவிதை புனைந்தவர். தில்லியின் தாக் தெஹ்லவி அவருக்குக் கவிதை ஆசானாக விளங்கி 1905இல் ஐதராபாத்திலேயே மறைந்தார். முதலமைச்சராக விளங்கிய மகாராஜா கிஷன் பர்ஷாத் 'ஷாத்' என்னும் பெயரில் எழுதியதோடு கவிஞர்களைப் புரந்தவருமாவார்.

முஷாயிராவில் ஒரு வகை தரஹி முஷாயிரா. முன்னோர் ஒருவரின் பாடலிலிருந்து ஓர் அடி முன்னரே அறிவிக்கப்படும். அவ்வடியின் யாப்பு, இயைபு, அடியிறுதியில் மீண்டும் மீண்டும் வரும் சொல் ஆகியவற்றைக் கொண்டே அனைவரும் கஜல் இயற்றி வரவேண்டும். தமிழில் ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச்செய்யும் வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம். யாப்பும் இயைபும் கூடிய அக்கட்டமைப்புக்கு உருதுக் கவிஞர் இட்ட பெயர் ஜமீன். நிலம் என்பது பொருள். காலிப்பின் நிலத்தில் எழுதினேன் என ஒருவர் கூறுவது களவை ஒப்புக்கொள்வதாகாது, மதிப்பைத் தெரிவிப்பதாகும். நிலம் முன்னோருடையது, விளைச்சல் எழுதியவருடையது. ரசிகப் புனைவின் இயல்பை இதனினும் சுருக்கமாகக் கூறவியலாது.

இவ்வவையில் கவிஞர் பெறும் கைம்மாறு 'தாத்' எனப்படும். கேட்போர் எழுப்பும் பாராட்டொலியே அது. மீண்டும் கூறுக எனும் பொருளில் 'முகர்ரர்' என்று வேண்டுவதும் அதில் அடங்கும். தாத் என்னும் பாரசீகச் சொல்லுக்கு நீதி என்றும் பொருள் உண்டு. பாராட்டு என்பது கவிதைக்கு உரியதை உரியவாறு அளிக்கும் நீதி என்ற கருத்து அச்சொல்லிலேயே உறைந்துள்ளது. நல்லடி தோன்றும் அக்கணத்திலேயே அது வழங்கப்பட வேண்டும். எத்தனை பேர் பாராட்டினர் என்பதினும், அடியின் நுட்பம் அறிந்து உரிய இடத்தில் பாராட்டினரா என்பதே கவிஞர்க்குப் பெரிது. அறியாது எழும் ஆரவாரம் நல்ல கவிஞரை நாணச் செய்யும்.

தரஹி அவையிலும் கணக்கு உண்டு. யாப்பு என்பதே கணக்குத்தான். எல்லார்க்கும் ஓரே அடி, ஒரே நிலம் என்பது எளியவரையும் வல்லவரையும் ஒரே தொடக்கக் கோட்டில் நிறுத்தும் அளவீடு. அவ்வளவு வகுக்கப்பட்ட பின்னர், அதற்கு மேல் எழுவதை எண்ணும் முயற்சி கைவிடப்படுகிறது.

ஐதராபாத்தின் மற்றொரு நிகழ்வு இதற்கு மறுதலையாக அமைகிறது. மாஹ் லகா பாய் சந்தா (1768–1824) ஆடலிலும் பாடலிலும் கவிதையிலும் சிறந்து விளங்கியவர். ஒவ்வொன்றும் ஐந்து ஈரடிகளைக் கொண்ட 125 கஜல்கள் அடங்கிய அவருடைய திவான், உருதுப் பெண்கவிஞர் தொகுத்த தொடக்கக்காலத் திவான்களுள் ஒன்று. 1799இல் மீர் ஆலத்தின் இல்லத்தில் நிகழ்ந்த ஆடல் நிகழ்ச்சியினிடையே, ஆங்கில அதிகாரி ஜான் மால்கமுக்கு அவர் அத்திவானின் படியை நஜராக அளித்தார். நஜர் என்பது உயர்ந்தோர்க்குத் தாழ்ந்தோர் செலுத்தும் காணிக்கை. அரசவை வழக்கில் அதற்கும் அதற்கு ஈடாக வரும் மரியாதைக்கும் தரவரிசை உண்டு. தரஹி அவையின் கொடை ஒப்பார்க்கிடையே நிகழ்கிறது. நஜர் ஒவ்வாதார்க்கிடையே நிகழ்கிறது. முன்னதில் அளவு சமன்மையைக் காக்கிறது. பின்னதில் அளவு தகுதி வேற்றுமையைக் காட்டுகிறது. எண் ஒன்றே, அது செய்யும் பணி வேறு.

பதிகங்கள் காட்டும் எண்ணும் எண்ணிலாமையும்

தமிழ்ப் பாடற்கொடையின் கணக்கேடு எனப் பதிற்றுப்பத்தின் பதிகங்களைக் கூறலாம். பாடல்களுக்குப் பிற்பட்டனவாக அவை கருதப்படினும், கொடை பற்றிய தமிழ் மனப்பாங்கை அறிய அவை பெரிதும் உதவுகின்றன. குமட்டூர்க் கண்ணனார் 500 ஊர்களும் 38 ஆண்டுகளுக்குத் தென்னாட்டு வருவாயில் பங்கும் பெற்றார். கபிலர் நூறாயிரம் காணமும், குன்றின் மீதேறிக் கண்ட நாடும் பெற்றார். கபிலர் பதிகத்தில் எண்ணுக்குப் பக்கத்திலேயே எண்ணால் அளக்கவியலாத ஒன்று நிற்கிறது. கண்ணுக்கெட்டிய தொலைவே அங்கு அளவு.

அரிசில்கிழார் பதிகம் மேலும் ஆழ்ந்தது. பெருஞ்சேரல் இரும்பொறை ஒன்பது நூறாயிரம் காணத்தோடு அரசுகட்டிலையும் அளித்தான். புலவரோ ஆட்சியை அவனிடமே மீள ஒப்படைத்து, தாம் அமைச்சுப் பணி ஏற்றார். பெற்றதைத் திருப்பித் தருதல் என்ற அளவில் இது குறியெதிர்ப்பை போலத் தோன்றினும், அரசுகட்டிலுக்கு ஈடாக அரசுகட்டிலையே தருவதில் வணிகம் ஏதுமில்லை. கொடை ஓர் உறவாக மாறிய இடம் இது.

பெருங்குன்றூர்கிழார் பதிகம் இக்கட்டுரைப் பொருளுக்கு முதன்மையானது. இளஞ்சேரல் இரும்பொறை 32,000 காணம் கொடுத்தான் என எண்ணித் தொடங்கும் பதிகம், அடுத்து அப்புலவர் அறியாமலேயே ஊரும் மனையும் வளமுற அமைத்தான் என்கிறது. பின்னர் எண்ணுதற்கு இயலாத அணிகலச் செல்வத்தையும் சொல்கிறது. எண்ணியது, அறியாமற் செய்தது, எண்ணவியலாதது ஆகிய மூன்றும் ஒரே கொடையின் பகுதிகளாக அமைந்துள்ளன. பெற்றவர் அறியாமற் செய்த பகுதி, பெயர் மறைத்துக் கதை அளிக்கும் பரிமாற்ற வழக்கத்தை நினைவூட்டுகிறது. அதைவிட முதன்மையானது வேறொன்று. எண்ணும் எண்ணிலாமையும் ஒன்றையொன்று விலக்குவதில்லை. எண் ஓர் அடித்தளம் அமைக்க, அதன் மேல் எண்ணிலாதது எழுகிறது என்பதே அது.

முன்னுரையில் சுட்டிய விளக்குக் கொடையும் இதனையே உணர்த்தும். ஆடுகள் இறக்கும், மூக்கும். ஆனால் எண் குறையாமல் அவற்றைப் பேணவேண்டும் என்பதால் சாவா மூவாப் பேராடு எனக் கல்வெட்டுகள் அவற்றை அழைத்தன. அவ்வெண் கொடையாளியின் பெருமையை அளப்பதற்கு மட்டும் வெட்டப்பட்டதன்று. விளக்கு அணையாமல் இருப்பதற்காக வெட்டப்பட்டது.

கணக்கு விலையாகும் இடம்

காக்கும் கணக்கு எங்கே விலையாகிறது? தமிழகத்தின் மொய் வழக்கம் இதற்குத் தெளிவான சான்று. திருமணத்தில் வந்த மொய் ஏட்டில் எழுதப்படுகிறது. தந்தவர் வீட்டு விழாவில் அது திருப்பிச் செய்யப்படுகிறது. வங்கிக்கடன் பெறவியலாத குடும்பம் ஒன்றுக்கு ஒரே நாளில் பெருந்தொகை கிடைக்க இவ்வேடு வழிசெய்கிறது. அதே தொகையை ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது, சிறுதொகை எழுதிய உறவினர் பந்தலில் கூனிக்குறுகி நிற்கிறார். ஏடு மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. நினைவில் வைப்பதற்கான எண் ஒப்பிடுவதற்கான எண்ணாக மாறிவிட்டது.

ரசிகப் புனைவிலும் இதே மாற்றம் நிகழக் காணலாம். காப்பகத்தில் ஒவ்வொரு கதையுடனும் அதன் சொல்லளவு, பார்வை எண்ணிக்கை, 'கூடோஸ்' எனப்படும் பாராட்டுக் குறிகளின் எண்ணிக்கை ஆகியன காட்டப்படுகின்றன. பாராட்டின் எண்ணிக்கைப்படி கதைகளை வரிசைப்படுத்தவும் இயலும். எவரும் அதிகம் படிக்காத ஒரு நாவலின் மேல், அதனை விரும்பிய ஒருவருக்கென எழுதப்பட்ட கதையை எண்ணிப் பார்க்கலாம். பரிமாற்றத்தின் கணக்கில், அந்த ஒருவர் படித்து மகிழ்ந்தவுடன் அது நிறைவு பெற்றுவிடுகிறது. வரிசைப் பட்டியலிலோ அது கடைக்கோடியில் கிடக்கும். ஒரே கதை ஒரு கணக்கில் முழுமையாகவும் மறு கணக்கில் தோல்வியாகவும் தோன்றுகிறது. இரண்டாவது கணக்கை நோக்கி எழுதத் தொடங்குவோர் நாளடைவில் பலர் கேட்பதையே எழுதுவர். அரிய மூலத்தைக் கேட்டவர் வெறுங்கையுடன் நிற்பார். பரிமாற்றம் எதனைக் காக்கத் தோன்றியதோ அதுவே இழக்கப்படும். இதுவே இவ்வினாவின் அறச்சுமை.

புறநானூற்றுப் புலவர் இவ்விடரை அறிந்திருந்தனர். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாமலே அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். தாம் வணிகர் அல்லர் என்றும், தகுதி அறிந்து தருவது தினையளவேயாயினும் இனிது என்றும் கூறினார் (புறம். 208). ஈதல் எளிது, வரிசை அறிதலே அரிது, ஆதலின் புலவர் எல்லாரையும் பொதுவாக நோக்குவதை விடுக என மலையமான் திருமுடிக்காரிக்குக் கபிலர் அறிவுறுத்தினார் (புறம். 121). இவ்விருவரும் கேட்டது மிகுதியான பொருளன்று; காணப்படுதலே அவர்கள் வேண்டியது. எண் எத்துணைப் பெரிதாயினும் காணாமையை ஈடுசெய்யாது. முஷாயிராவின் தாத் நீதி எனப் பொருள்படுவதும் இதனாலேயே பொருந்துகிறது.

இவ்விடர் ரசிகர்க்கு மட்டும் உரியதன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆசிரியர் பணியை மதிப்பெண்ணால் அளக்கத் தொடங்கியபோது, ஆய்வுலகும் இதே வினாவை எதிர்கொண்டது. யாரும் எதுவும் எழுதாதிருக்கும் நிலையை அக்கணக்கு ஓரளவு தடுக்கக்கூடும். ஆனால் இளையோர் ஒருவரின் கையெழுத்துப்படியை இரவெல்லாம் படித்துத் திருத்தித் தரும் மூத்த ஆசிரியரின் உழைப்புக்கு எந்த நிரலிலும் இடமில்லை. ஆய்வுலகு இயங்குவது பெரிதும் அவ்வுழைப்பினால்தான்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. எண்ணப்படுதலால் மட்டும் கொடை வணிகமாகிவிடுவதில்லை. குறியெதிர்ப்பை ஈகையினின்று வேறானது. எனினும் புறநானூறு அதனை மதிப்போடே நினைவுகூர்கிறது.

2. கணக்குக்கு உரிய நேர்மையான பணி ஒருவரும் வெறுங்கையுடன் திரும்பாமல் காத்தலாகும். பரிமாற்றத்தின் குறைந்த அளவு, தரஹி அவையின் பொதுநிலம், கல்வெட்டின் ஆட்டுத்தொகை ஆகியன இப்பணியைச் செய்கின்றன.

3. கொடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிரல்படுத்தத் தொடங்கும் இடத்தில் கணக்கு விலையாகிறது. அப்போது முதலில் இழப்போர், சிலரே விரும்பும் ஒன்றை விரும்புவோர்.

4. எழுத்துக் கொடையின் நிறைவு, பெறுபவர் காணப்படுதலிலும் எழுத்து அறியப்படுதலிலும் உள்ளது. இதனை எவ்வெண்ணாலும் அளக்கவியலாது.

ஆகவே ஒரு பரிமாற்றத்தின் புள்ளிவிவரத்தைக் காண்போர், எது மிகுதியாக விரும்பப்பட்டது என்பதோடு நின்றுவிடலாகாது. கேட்டும் கிடைக்காமல் நின்றவர் எத்தனை பேர் என்பதையே முதலில் வினவ வேண்டும். அவ்வினாவுக்கு விடை தரும் கணக்கு அறத்தின் பாற்பட்டது. பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் உரைத்த பட்டியலும் அத்தகைய கணக்கே. அதில் ஒரு தொகையும் குறிக்கப்படவில்லை. ஆனால் கடன் தந்து காத்த அண்டை வீட்டாரும் விடுபடவில்லை.